முனியாண்டிக்கு வைத்த சோறு

ஏய் புள்ள, இன்று காலையில் ஆப்பிரிக்காவில் ஒருத்தன் என் பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டான்.

சிரிக்காதே. உன் மகள் செல்விதான் என்னைக் கென்யாவுக்கு இழுத்து வந்திருக்கிறாள். அலோர் காஜாவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், "சிங்கம் பாக்கப் போலாம் வாம்மா" என்று ஒரே பிடிவாதம். நாங்கள் தங்கியிருக்கும் விடுதியைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் காக்கி உடுப்புக் காவலாளி. வண்டி ஏறுமுன் எல்லோர் பையையும் பிரித்துப் பார்க்கிறான். வெளியே சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம், குரங்குகள் வாசனை பிடித்து வண்டிமேல் பாயுமாம். நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டேதான் பழத்தை எடுத்தான். நான்தான் திறந்த பையைப் பிடித்தபடி வண்டி ஏறாமல் நின்றுவிட்டேன்.

"என்னம்மா, சீனி கொறஞ்சிருச்சா?" என்று செல்வி பதறினாள். சீனியாவது உப்பாவது! நான் லூபோக் சீனா பக்கத்தில் நம் தோட்டத்து கேட்டில், ரப்பர் பால் வாளியோடு உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவசரகாலம் என்று வெள்ளைக்காரன் அதற்குப் பெயர் வைத்தான். நமக்கு அது வேலி, அவ்வளவுதான். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டுப் பிடிக்கப் போகிறோம் என்று சொல்லி, நம் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். விடிந்து கேட் திறந்ததும் நம்மைத் தடவிப் பார்க்க இரண்டு பொம்பளைகள். ஒரு பிடி சோறு வெளியே போனாலும் குற்றம். சீனி போடாத வெறும் தேயிலைத் தண்ணீரோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவோம். பசி கண்ணை இருட்டும்போதெல்லாம் நீ சர்க்காரைத் திட்டுவாய். அந்தத் திட்டை இங்கே எழுத முடியாது.

வேலி கட்டிய வருடத்தில்தான் காட்டோர நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்த உன் புருஷனைப் புலி அடித்தது. செல்வி அப்போது தவழ்கிற பிள்ளை. அந்தக் காட்டோரத்தில்தான் நம் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், மேலே நிழலுக்கு ஒரு மரம். முன்பெல்லாம் யாராவது சோறும் சுருட்டும் கொண்டுபோய்ப் படைப்பார்கள். வேலி வந்த பிறகு அவரும் வெளியே மாட்டிக்கொண்டார். காவல் தெய்வத்தைப் பட்டினி போட்டோம், அவர் காவலை விட்டுவிட்டார், புலி வந்தது என்று நீ தீர்மானித்துவிட்டாய். உன் தீர்மானத்தை மாற்ற யாரால் முடியும்?

அடுத்து அந்த நிரை மரங்கள் நம் இருவருக்கும் வந்தன. ஒருநாள் உன் வாளியின் அடியில் கந்தலுக்குக் கீழே இலைப் பொட்டலத்தைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

"பைத்தியமா உனக்கு? நம்ம வயித்துக்கே ரேஷன்லா, இதுல சாமிக்குமா?"

"சாமிக்கு ரேஷன் கார்டு குடுத்தாங்களா? குடுக்கலல்ல? அப்ப நாமதான் குடுக்கணும்."

"புடிச்சா?"

"வாளி நாத்தத்துக்கு எவ கைய உடுவா? என் வீட்டுக்காரன் போனதோட போகட்டும். நீயும் போயிட்டா நான் யாருகூடச் சண்ட போடுறது?"

எனக்காகவும்தான் வைத்தாய். உன் பங்குச் சோற்றில் பிடி எடுத்து வைத்தாய். மரம் வெட்டி முடித்துத் திரும்பும்போது எட்டிப் பார்ப்பாய். ஒரு பருக்கை இருக்காது. "பாத்தியா, சாப்புட்டுட்டாரு!" என்று என் தோளில் அடிப்பாய். அதற்குப் பிறகு புலித் தடமும் காணவில்லை. நானும் மெல்ல மெல்ல நம்பினேன், என்ன செய்ய.

பட்டாளத்துக்காரர்கள் ரோந்து வந்து கண்டெடுத்த அன்றைக்குச் சோறு இன்னும் சூடாக இருந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார்கள். வேறு யாரையாவது பிடித்துவிடுவார்கள் என்று பயந்து நீயே முன்னால் போய் நின்றாய். வெள்ளைக்கார அதிகாரி கேட்கக் கேட்க, நம் தோட்டத்து ஆபீஸ் கிராணி தமிழில் சொன்னார்.

"சோறு யாருக்கும்மா?"

"முனியாண்டிக்குங்க."

அதிகாரிக்கு அது விளங்கவில்லை. பட்டினி கிடக்கிறவள் கல்லுக்குச் சோறு போடுவாளா என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, நானே அப்படித்தான் கேட்டேன். ஆனால் அவன் உன்னைப் பொய்க்காரி என்றதும் உனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பொய்யில்லீங்க தொர! காலையில வப்பேன், மத்தியானம் பாத்தா ஒரு பருக்கை இருக்காது. எலயக்கூட அழகா மடிச்சு வச்சிருப்பாரு சாமி!"

அதிகாரி அதட்டிய பிறகுதான் கிராணி தலையைக் குனிந்துகொண்டு அதை இங்கிலீஷில் சொன்னார். களத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உனக்கு மட்டும் புரியவில்லை. சாட்சி சொல்லி ஜெயித்துவிட்டதாக நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

குரங்கு இலையை மடிக்காதடி. பன்றி மடிக்காது. காட்டுக்குள் ஒளிந்திருந்த சீனனும் மடிக்க மாட்டான். சாப்பிட்டு முடித்த இலையைத் தன் பக்கமாக மடித்து வைப்பது நம்மவன் பழக்கம். காட்டுக்குள் போன நம் பையன்களில் எவனோ ஒருத்தன் பசியோடு வந்து தின்றுவிட்டு, வீட்டில் பழகியபடி மரியாதையாக மடித்து வைத்திருக்கிறான். அந்த மரியாதை உன்னைக் கொன்றது. அவன் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவன் யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்கும் பசித்திருக்கும் என்று நினைத்தால் அழுகையும் உண்டு.

கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டாய் என்று உன்னை "ஊருக்கு" அனுப்புவதாகச் சொன்னார்கள். எந்த ஊர்? கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவளுக்கு நம் தோட்டத்தை விட்டால் எது ஊர்? லாரி உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளையைக் கொண்டுபோக உனக்கு அனுமதி இருந்தது. நீ அவளை என் இடுப்பில் வைத்தாய்.

"அங்க எனக்கு யாரு இருக்கா புள்ள? இவளையும் தெருவுலயா போடுறது? நீ வச்சுக்க. சோத்த நல்லா மசிச்சு ஊட்டு. கட்டி இருந்தா துப்பிடுவா." அழவில்லை நீ. லாரி ஏறின பிறகும் "மசிச்சு ஊட்டு" என்றுதான் கத்தினாய்.

நாகப்பட்டினத்தில் இறங்கி ஒரு மழைக்காலத்தைக்கூட நீ தாண்டவில்லை என்று, அதே கப்பலில் போன ஒருவரின் உறவுக்காரர் வந்து சொன்னார். காய்ச்சல் என்றார். நான் நம்பவில்லை. பிள்ளையைப் பிரிந்து செத்தாய்.

இன்று மத்தியானம் வண்டிக்காரர் ஒரு புல்வெளியில் நிறுத்தினார். தாடி வைத்த காட்டு மாடுகள், கண்ணுக்கு எட்டியமட்டும். ஒரு கன்று மட்டும் கத்திக்கொண்டே ஒவ்வொரு பசுவிடமும் ஓடியது. ஒவ்வொன்றும் முட்டித் தள்ளியது. இதன் தாயைச் சிங்கம் அடித்திருக்கும், இந்த இனத்தில் வேறு தாய் சேர்க்காது, பொழுது சாய்வதற்குள் கழுதைப்புலி பிடித்துவிடும் என்றார் வண்டிக்காரர். வண்டியில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

செல்வி படம் எடுக்கவில்லை. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லவேளம்மா, நீ மாடாப் பொறக்கல," என்றாள். சிரித்தாள், உடனே அழுதாள். அறுபதை நெருங்குகிறவள், குழந்தை மாதிரி அழுதாள்.

அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள் புள்ள. நீ யாரென்று எல்லாம் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனாலும் ஒவ்வொரு தடவை அவள் கூப்பிடும்போதும், உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு "என்னடா" என்கிறேன். நீ வருகிறவரைக்கும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுந்து இடம் கொடுக்க நீ வரவே இல்லை.