பழைய சட்டை போட்டு வரவும்

காலையில் அந்த வெள்ளை டீ-ஷர்ட்டை மறுபடியும் ஊறப்போட்டேன். தோளில் நீ முந்திரிப்பழத்தைப் பிழிந்த இடத்தில் அதே காப்பி நிறக் கறை. மூன்று வருஷமாக என்னென்னவோ சோப்பு, யூடியூபில் சொன்ன எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். போகாது என்று தெரிந்தேதான் பிழிந்தாய், இல்லையா?

உன் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் கமெண்ட் போட்ட ரசிகை நான். நீ ஞாயிறுதோறும் பிள்ளைகளை முந்திரிக்காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போவதைப் பார்த்து, அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி கங்கைகொண்ட சோழபுரம் வந்தேன்.

"செல்ஃபி எடுக்கவா வந்த? இந்தா, இப்ப நீயும் காட்டு ஆளு."

என்றபடி என் தோளில் பழத்தைப் பிழிந்தாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நோயைக்கூட என்னிடம் மறைத்தாய். நீ போனபின் உன் தம்பி உன் போனிலிருந்து ஞாயிறு நடை குரூப்பை விட்டு வெளியேற, வாட்ஸப் தானாகவே என்னை அட்மின் ஆக்கியது. யாரைக் கேட்டு? நடையை யார் நடத்துவது என்று ஒரு வரி எழுதிவைக்க உனக்கு என்ன கேடு?

நடை நின்றால் பிள்ளைகள் திரும்ப டியூஷனுக்கும் போனுக்கும் போய்விடுவார்கள். அதனால் போன ஞாயிறு நானே கூட்டிப்போனேன். தொப்பி, தண்ணீர், விசில் என்று குரூப்பில் நீளமாகப் பட்டியல் போட்டேன். நீ எப்போதும் முதல் வரியில் போடும் 'பழைய சட்டை'யை மறந்தேன்.

"கொட்டையக் கடிக்காதீங்க, வாய் வெந்துடும்!" என்று உன்னைப் போலவே கத்தினேன். அதற்குள் பழத்தை ஒருவர்மேல் ஒருவர் பிழிய ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் சாறு சொட்டும் கவுனோடு, இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்புகளைப் பார்த்தபடி நகரவே இல்லை.

திரும்பியதும் அவள் அம்மா பிடித்துக்கொண்டார்.

"பொறந்தநாள் கவுனும்மா அது! காட்டப் பாக்கப் போனுச்சா, சாயப்பட்டறைக்குப் போனுச்சா?"

அன்றைக்கே இரண்டு பேர் குரூப்பைவிட்டுப் போனார்கள். மூன்று நாள் மன்னிப்பு மெசேஜாக அடித்தேன். பதிலே இல்லை. எல்லாம் முடிந்தது என்று உன்னைத் திட்டியபடிதான் இன்று சட்டையை ஊறப்போட்டேன். அப்போது அதே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"கவுன தொவைக்க வுடமாட்டேங்குது. எறும்பு வூட்டக் கட்டி முடிச்சிருக்குமான்னு கேட்டே உசுர வாங்குது. ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கும்மா?"

ஆறு மணி என்று அடித்தேன். அதற்கு மேலே, முதல் வரியில், உன் வரி.

டீ-ஷர்ட்டை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.