சமையலறைக்கு மேல் ஓர் அறை

ஹோர்சன்ஸ்,
ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

பூர்ணா எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, பாட்டில் திறக்காமலே இருக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடிப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

ஜூலையில் எங்கள் ஆபீஸ் மூன்று வாரம் மூடிவிடும். "நீ எங்க போற?" என்று பக்கத்து இருக்கை மெட்டே கேட்டாள். எங்கும் இல்லை என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. "கிரீஸ்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகப் போயாக வேண்டுமே!

நக்சோஸ் என்ற தீவில் மலிவான ஹோட்டல் ஒன்று பார்த்தேன். கடல் தெரியும் அறைக்கு விலை அதிகம். சமையலறைக்கு மேலே உள்ள அறை பாதி விலைதான். அங்கே தங்கியவர்கள் எழுதியதை மெட்டே படித்தாள்.

"இது வேணாம் பூர்ணா. விடியறதுக்கு முன்னாடியே கீழ பாத்திரத்தை உருட்டறாங்களாம். குடும்பமே கத்திப் பேசுமாம். தூங்கவே முடியாதாம்."

அவள் காபி எடுக்கப் போனதும் அந்த அறையையே பதிவு செய்துவிட்டேன். இங்கே என் வீட்டில் நானாக டம்ளரைக் கீழே வைத்தால்தான் சத்தம்.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் அனுப்புங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று அப்பா. நான் கூப்பிட்டால் மிக்சியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போகாதீர்கள். போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருங்கள். அம்மா திட்டினால் திட்டட்டும். நான் பேசவில்லையே என்று கட் பண்ணிவிடாதீர்கள். லைனில்தான் இருப்பேன்.

உங்கள்
பூர்ணா