கதாநாயகனின் முதுகு

தேஜன்
அக்டோபர் 12, 2023

போரா அம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பதாக நம் மகள் சொன்னாள். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், நானும் நலம். போனில் நான் கத்துகிறேனாம், கடிதம் எழுதினால் மட்டும் பதில் போடுவேன் என்று ஏப்ரலில் சொல்லிவிட்டு உன் அப்பா வீட்டுக்குப் போனாய். ஆறு மாதமாக எழுத விஷயம் இல்லை. இப்போது வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போரா வந்து தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அம்மா வரைஞ்ச வெப்டூன்பா. காதல் கதை. மூணு எபிசோட் வந்திருக்கு. கோவப்படாம படிங்க." கோபப்படாமல்தான் ஆரம்பித்தேன். விரலால் தள்ளத் தள்ளக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு படம், பிறகு வெறும் வெள்ளை, இன்னும் வெள்ளை, அப்புறம் ஒரு கை. போன் கெட்டுவிட்டது என்றேன். அது அப்படித்தான் என்று சிரித்தாள்.

தெருமுனைக் கடையில் அச்செடுத்தேன். அறுபத்தொரு தாள் வந்தது. கதாநாயகியின் நெற்றி ஒரு தாளில், மூக்கு அடுத்த தாளில். விடுவேனா? பசை கலந்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தி, நடு அறைச் சுவரில் மேலிருந்து தரை வரை எட்டு வரிசையாக ஒட்டிவிட்டேன். நீயே வந்து தடவினாலும் இணைப்பு தெரியாது. ஒவ்வொரு வரிசையையும் ஸ்டூலில் ஏறி ஆரம்பித்து, முட்டி போட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. உன் காதல் கதை என் முழங்காலுக்கு ஆகவில்லை.

இனி என் அபிப்பிராயம். அந்தப் பெண்ணை நன்றாக வரைந்திருக்கிறாய். மஞ்சள் ஸ்வெட்டர் அசல். ஆனால் வால்பேப்பர் ஒட்ட வருகிறானே அந்தப் பையன், அவன் யார் என்று எனக்குத் தெரியாதா? முதல் எபிசோடில் அவன் சுவரில் பசை தடவுகிறான். எந்த மடையன் சுவரில் தடவுவான்? காகிதத்தில் தடவி, மடித்து, ஊறவிட வேண்டும். வாசல் மூலையில் தொடங்குகிறான். ஜன்னல் பக்கம் தொடங்கினால்தான் இணைப்பில் நிழல் விழாது. யாரும் சொல்லித்தராமல், மிச்சம் விழுந்த காகிதத்தைக் கழிவறைச் சுவரில் ஒட்டிக் கிழித்து ஒட்டி நானாகக் கற்றுக்கொண்ட வேலை இது. நாற்பத்திரண்டு வருடம் கூட இருந்தும் நீ ஒருநாளும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

மூன்று எபிசோடிலும் அவன் முதுகு மட்டும்தான் வருகிறது. அவனுக்கு முகம் கிடையாதா? அதே மூன்றாவதில் வருகிற குடைக்காரனுக்கு மட்டும் முகம், பல், கன்னத்தில் குழி எல்லாம் இருக்கிறது. யார் அவன்? உன் ஊர் சாங்ஜூவில் நம் காலத்தில் அப்படி ஒருவனும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாவது எபிசோடில் அவன் ஒட்டுகிற கொக்குப் படக் காகிதத்தில் ஒரு பட்டை முழுக்கக் கொக்குகள் தலைகீழாக இருக்கின்றன. ஊரைச் சிரிக்க வைப்பதற்காக இதை எழுதினாயா? என் வாழ்நாளில் ஒரு பட்டையைக்கூட நான் தலைகீழாக ஒட்டியதில்லை. திருத்து.

பியோ மன்சிக்

•

சாங்ஜூ
அக்டோபர் 18, 2023

போரா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெர்சிமன் பழத்தை உரித்துக் காயவைக்கிற காலம் இது. நானும் என் தங்கை மல்சுனும் இரண்டாயிரம் பழம் உரித்து நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். உரிக்கிற நேரத்தில் அவள் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாள். "அக்கா, அத்தான் எழுதுனதுல இதுதான் முதல் காதல் கடிதம்" என்கிறாள்.

பசை விஷயத்தைத் திருத்திவிடுகிறேன். குடைக்காரன் யாரும் இல்லை. முதியோர் மையத்தில் எனக்கு வரையச் சொல்லித்தரும் டீச்சருக்கு இருபத்தாறு வயது. காதல் கதை என்றால் இரண்டு ஆண்கள் வேண்டும், ஒருவன் அவளைப் பார்க்காதவன், இன்னொருவன் பார்க்கிறவன் என்றாள். பார்க்கிறவனை எங்கும் கண்டதில்லை, அதனால் கற்பனையாகத்தான் வரைய வேண்டியிருந்தது. வாசகர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. கமெண்டில் ஒரு பெண் "இந்த பேப்பர் ஒட்றவன் அவள ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பானா மாட்டானா?" என்று கேட்டிருக்கிறாள். முந்நூறு பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளை இடம் அவன் பேசாமல் இருக்கிற நேரம். நம் கதைக்கு எனக்கு அது நிறையத் தேவைப்படுகிறது.

முகம் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது முதுகுதான். மார்ச்சில் இடுப்பு வரை இருந்த முடியைக் காதோடு வெட்டிக்கொண்டு வந்தேன். நான்கு நாள் உங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதே வாரம் எதிர்வீட்டு விருந்தில் சாப்பிடாமல் எழுந்து போய், "இந்த ஜாயின்ட் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று அவர்கள் சுவரைத் தடவினீர்கள். முடிக்காகப் போனவள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். முடிக்காகப் போகவில்லை.

கொக்குகளைத் திருத்தமாட்டேன். 1981 இலையுதிர் காலத்தில் இந்த வீட்டில் என் அறைக்கு நீங்கள்தான் ஒட்டினீர்கள். ஜன்னலிலிருந்து மூன்றாவது பட்டை தலைகீழ். அப்பா பார்த்தால் உங்களை மறுபடி இந்தப் பக்கம் வரவிடமாட்டார் என்று, அன்று மாலையே நானும் மல்சுனும் அலமாரியைத் தள்ளி அதை மறைத்தோம். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

யோன்சுக்

•

தேஜன்
அக்டோபர் 23, 2023

போரா அம்மாவுக்கு,

உன் முடியை நாலாம் நாள் கவனித்தேனே, அது உனக்குப் போதாதா?

கொக்கு விஷயத்தில் உன் தங்கையைச் சாட்சிக்கு இழுக்காதே. சின்ன வயதிலேயே கதை கட்டுகிறவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடம் உன் அப்பா என்னை அந்த வீட்டுக்குள் விடவில்லை. அதற்குள் வேறு எவனோ அதன் மேல் ஒட்டிவிட்டான். அடியில் இருக்கிறது என் வேலை. சுவர் பொய் சொல்லாது. நான் வந்து உரித்துப் பார்க்கிறேன்.

கொக்குகள் நேராக இருந்தால், நீ எபிசோடைத் திருத்தி, மன்னிப்புப் போட்டு, வீட்டுக்கு வர வேண்டும். ஒரே ஒரு கொக்கு தலைகீழாக இருந்தால்கூட, வீட்டுக்கு வா என்று இந்த ஜன்மத்தில் உன்னைக் கேட்கமாட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

பியோ மன்சிக்

•

சாங்ஜூ
அக்டோபர் 27, 2023

போரா அப்பாவுக்கு,

நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை வாருங்கள். அன்று நாங்கள் இருவரும் பழம் கொடுக்கச் சந்தைக்குப் போய்விடுவோம். மாலைதான் வருவோம். நீங்கள் உரிக்கும்போது நான் பக்கத்தில் நின்றால் சண்டையில்தான் முடியும். சாவி கிம்ச்சி ஊறுகாய்ப் பானையின் அடியில் இருக்கிறது. அடுப்பில் சூப் வைத்திருப்பேன், சூடாக்கிக் குடியுங்கள். அலமாரி கனமானது, தனியாகத் தூக்காதீர்கள், தள்ளுங்கள்.

பந்தயம் எனக்குச் சம்மதம்.

யோன்சுக்

•

சாங்ஜூ, உன் அறை
நவம்பர் 7, 2023, மதியம்

போரா அம்மாவுக்கு,

சூப் குடித்தேன். உப்பு குறைவு.

அலமாரியைத் தள்ளினேன். ஈர ஸ்பாஞ்சால் ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மேலே கோடு போட்டது, அதன் கீழே ரோஜாப்பூ. இரண்டையும் ஒட்டியவர்களுக்கு வேலை தெரியாது. அதற்கும் கீழே கொக்குகள். முதல் பட்டை நேராக இருந்தது. இரண்டாவதும் நேர். பேனாவை எடுத்து உனக்கு நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு மூன்றாவதை எடுத்தேன்.

ஆறு கொக்குகள். கால்கள் மேலே, அலகுகள் தரையைப் பார்த்தபடி.

கையில் கத்தி இருந்தது. நீங்கள் இருவரும் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிப் போயிருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவைத்துப் போயிருக்கலாம். கத்தியைப் பையில் போட்டுவிட்டேன். பட்டை அப்படியே இருக்கிறது, வந்து பார்.

வேலை தெரியாமல் நான் அதை ஒட்டவில்லை. அதை எழுதிவைத்துக்கொள். அன்று நீ பழம் நறுக்கின தட்டைப் பசை மேசையில் வைத்தாய். "பசைக் கையோட சாப்பிடாதீங்க" என்றாய். உன் கதையில் அவன் அப்போதும் திரும்பவில்லை. நான் திரும்பினேன், நீ போன பிறகு. காகிதத்தைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ முற்றத்தைத் தாண்டிக் குழாயடிக்குப் போய் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டாய். இடது முழங்கையில் ஒரு கிழிசல், பச்சை நூலால் தைத்தது. மஞ்சள் ஸ்வெட்டரில் பச்சை நூல். வீட்டுச் சுவரில் உன் படங்களை எட்டு வரிசையும் தேடியிருக்கிறேன், அது இல்லை. நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

அதன் பிறகு கையில் இருந்ததை எந்தப் பக்கம் மேலே வைத்து ஒட்டினேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பந்தயத்தில் தோற்றேன். சொன்னபடி கேட்கமாட்டேன். அலமாரியைத் திரும்பத் தள்ளவில்லை, முழங்கால் வலிக்கிறது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சரி செய்துவிட்டேன்.

மன்சிக்

•

சாங்ஜூ
நவம்பர் 13, 2023

போரா அப்பாவுக்கு,

நாங்கள் வந்தபோது சுவர் திறந்து கிடந்தது. மல்சுன் கொக்குகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கடிதத்தைப் படித்துவிட்டு என்னை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரிய பாத்திரங்களை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பச்சை நூல் எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. மல்சுனுக்கு நினைவிருக்கிறது. அவள்தான் தைத்தாள், வீட்டில் மஞ்சள் நூல் இல்லை.

நான்காவது எபிசோடை வரைந்து முடித்துவிட்டேன். மறுபடி அதே நாள்தான், தட்டை வைத்துவிட்டு அவள் போகிறாள். பிறகு நீளமான வெள்ளை, டீச்சர் பாதியாகக் குறைக்கச் சொன்னாள், மாட்டேன் என்றேன். அதற்குக் கீழே அவன் முகம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நிற்கிறான், கையில் காகிதம் தலைகீழ். அந்த மூக்கை வரையத்தான் இரண்டு நாள் ஆனது. முழங்கையில் பச்சை நூலும் போட்டாயிற்று. குடைக்காரனின் ரசிகர்கள் என்மேல் கடுப்பாகப் போகிறார்கள். அவனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டும்.

எட்டு வரிசை என்று எழுதியிருந்தீர்கள். வரிசைக்கு எட்டுத் தாள் என்றால், கடைசி வரிசையின் அடியில் மூன்று தாளுக்கு இடம் காலியாக இருக்குமே? முகம் வருகிற பக்கங்களுக்கு அது போதும். மிச்சத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கக் கூடாது என்பது உங்கள் பந்தயம். நீங்கள் கேட்காமல் நான் வரக் கூடாது என்று அதில் எதுவும் இல்லை. சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன். கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் வாங்கி உப்பில் போட்டுவையுங்கள், இருபது போதும்.

முடியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். என்ன என்று நான் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும். தெரியவில்லை என்றால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

யோன்சுக்