கழற்றாத கையுறை

பைன் ஃபோர்க், மின்னசோட்டா
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்புத் தம்பி ரூடிக்கு,

அக்கா மார்லிஸ் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். விமான டிக்கெட் எடுத்திருந்தால் முதலில் அதைத் திருப்பிக் கொடு. "ஷிஃப்ட் முடிஞ்சதும் மாசக் கடைசியில வர்றேன். ஃபிராங்க தயாரா இருக்கச் சொல்லு" என்று அலாஸ்காவிலிருந்து நீ அடித்த தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. போனில் அதைப் படித்துச் சொன்ன பெண்ணுக்குக் குரல் நடுங்கியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதில் தந்தி அடித்திருக்கலாம். நாலு வார்த்தைக்கு அடங்குகிற ஆளா நீ?

உனக்குச் செய்தி சொன்னது பெர்னிஸ் அத்தையாகத்தான் இருக்கும். என் இடது கன்னத்து எலும்பு உடைந்தது உண்மை. உடைத்தது ஃபிராங்க் ஜுபான்சிச்சின் கை என்பதும் உண்மை. ஆனால் அத்தை கூட்டத்துக்கே வரவில்லை. முழுக்கதையையும் படி. நடுவில் எழுந்து நாற்காலியை உதைக்காதே.

போன ஆகஸ்டில் பழைய தலைமையாசிரியர் திடீரென்று விலகியதும், இத்தனை வருஷம் கணக்கு நடத்திய என்னைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தார்கள். அது தற்காலிகச் சான்றிதழில் கிடைத்த வேலை. சனிக்கிழமைதோறும் துலூத் போய் நிர்வாக வகுப்புப் படிக்க வேண்டும். கடைசியில் கல்வி அதிகாரி ஹால்வர்சன் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கணக்கு வகுப்புக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'டெம்பரரி'. "டேய், டெம்பரரி வருதுடா" என்று நடைவழியில் கிசுகிசுப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஜனவரியில் ஒரு நாள் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஐஸ் ஹாக்கித் திடலில் சத்தம் கேட்டது. மட்டைகளால் பலகையைத் தட்டுகிற சத்தம். நம் ஊரில் சண்டை மூண்டால்தான் அப்படித் தட்டுவார்கள், உனக்குத் தெரியும். சாதாரணக் காலணியோடு பனித்தரையில் ஓடி, இரண்டு முறை விழுந்து எழுந்து போனேன். ஃபிராங்கின் மகன் பிரென்ட், அணித் தலைவன், ஒரு பையனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு அவன் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவன் ட்வைட் சாரி. பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிற விதவை ஐரீனின் மகன். அணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் தலை பனியில் மோதி எழும்பியது. பல் சிதறிக் கிடந்தது. நான் பிரென்டின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கை என் வயிற்றில் இறங்கியது. நான் விடவில்லை.

பயிற்சியாளர் காரை ஓட்ட, ட்வைட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி குத்த வேண்டும், பையனின் கையுறையைக் கழற்றுங்கள் என்றார் டாக்டர். ரத்தத்தில் ஊறி இறுகிப் போயிருந்த அவற்றைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணில் பார்வை இன்னும் வரவில்லை.

பிரென்ட் சொன்னது என்ன தெரியுமா? "அவன்தான் முதல்ல கிளவுஸக் கழட்டிப் போட்டான். நானும் கழட்டினேன். நேருக்கு நேர் சண்டை." கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டால் இரண்டு பேரும் சண்டைக்குச் சம்மதித்ததாக அர்த்தம். அதன் பிறகு யாருக்கு எது உடைந்தாலும் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. கழற்றாதவனை அடித்தவனோடு யாரும் காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள். வாயைக் கட்டிப் போட்டிருக்க, ட்வைட் என்ன சொல்வான்? மற்ற பையன்கள் வாயைத் திறக்கவில்லை. ஹாக்கிப் பருவம் முடிகிறவரை பிரென்டைச் சஸ்பெண்ட் செய்தேன். இறுதிப் போட்டியும் அதில் போயிற்று.

என் சமையலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு ஹாக்கி ஆடுகிற ரப்பர் வட்டு ஒன்று வந்து விழுந்தது. கார் டயர் நாலையும் கிழித்தார்கள். ஹால்வர்சன் வந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "மார்லிஸ், உன் நல்லதுக்குச் சொல்றேன். கடைசியில கையெழுத்து போடப் போறது நான். ரெண்டு நாளாக் குறைச்சிரும்மா, ஊர் அடங்கிரும்" என்றார். நான் குறைக்கவில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழு கூடியது. குழுத் தலைவர் யார்? ஃபிராங்கேதான். உடற்பயிற்சிக் கூடம் நிறைய ஜனம். விதிமுறைகளை எல்லாம் ஒழுங்காகத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். வகுப்பில் படித்த புத்தி! யாரும் காதில் வாங்கவில்லை. ஃபிராங்க் மரச்சுத்தியால் மேஜையைத் தட்டி, "எம் பையன் ஆம்பளையா நின்னு சண்டை போட்டான். ஏம்மா டெம்பரரி, கூட்டல் கழித்தல் சொல்லிக்குடுத்த உனக்கு ஹாக்கி என்ன தெரியும்?" என்றான். கூடமே சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அந்தக் கையுறை ஞாபகம் வந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், உன் சண்டைகளுக்கெல்லாம் கட்டுப் போட்டவள். அது எனக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். என் அறிக்கையில் பல், தாடை, கண் எல்லாம் இருந்தது, கையுறை இல்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "ட்வைட்டோட கிளவுஸ ஆஸ்பத்திரியில நான்தான் கழட்டினேன், ஃபிராங்க். ரெண்டு கையிலயும் மாட்டினபடி இருந்துச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்த பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நானும் பார்த்தேன்" என்றார். ஃபிராங்குக்குப் பின்னால் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்து தள்ளிப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது ரூடி. ஒளிக்க மாட்டேன், அந்த நிமிஷம் தேனாக இருந்தது.

ஃபிராங்க் மகனைப் பார்த்து, "கழட்டலையாடா அவன்?" என்றான். பிரென்ட், "இல்லப்பா" என்றான். அவ்வளவுதான். ஃபிராங்க் மேஜையைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டுப் பாய்ந்தான். முதல் அடியில் பையனின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் சுவரில் போய் மோதினான். அந்தப் பையன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. தடுத்தால் இன்னும் அதிகமாக விழும் என்று பழகிப்போன பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி நின்றான். நீ நிற்பாயே, அப்படி. கூடத்தில் ஒருவர்கூட அசையவில்லை. மூன்றாவது அடிக்கு நடுவில் நான் போய் நின்றேன்.

ஆக, அந்த அடி எனக்கு ஓங்கியது அல்ல. வலி தெரிவதற்கு முன்னால் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நானும் சும்மா வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. கீழே கிடந்த அவனுடைய மரச்சுத்தியை எடுத்து நெற்றியில் ஒன்று போட்டேன். அவனுக்கும் தையல். உன் சார்பிலும் சேர்த்துத்தான் போட்டேன் என்று வைத்துக்கொள். கணக்குத் தீர்ந்தது.

இனிமேல்தான் அத்தைக்குத் தெரியாத விஷயம். மறுநாள் மாலை பின்வாசலில் பிரென்ட் நின்றான். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். பெல்ட் கொக்கியின் தழும்புகள், புதுசும் பழசுமாக. நம் அப்பாவின் கொக்கி சதுரம், ஃபிராங்குடையது வட்டம். வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உன் அறையில், உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறான். அவன் மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது என்று நினைக்காதே. அவன் கையைப் பார்த்தாலே பனியில் கிடந்த பல் கண்ணில் வருகிறது. அதை அவனிடமே சொல்லிவிட்டேன். "எனக்கும் வருது, டீச்சர்" என்றான். சஸ்பெண்டை நான் ரத்து செய்யவில்லை. தினமும் ட்வைட்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறான். ஐரீன் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறாள். அவள் சாத்தட்டும், அவள் பக்கம்தான் நியாயம். இவன் வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறான்.

ஹால்வர்சன் நேற்று மறுபடி வந்தார். "பையன வீட்டுக்கு அனுப்பிரு. தற்காலிகச் சான்றிதழ்ல இருக்கிறவ மாணவன வீட்ல வச்சுக்கிட்டா நான் எப்படிக் கையெழுத்து போட முடியும்?" என்றார். "உங்க பேனாவ நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்புறம் குளியலறையில் உட்கார்ந்து, உடைந்த கன்னம் வலிக்க வலிக்க அழுதேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது ரூடி. நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மார்ச்சில் நீதிபதி முடிவு சொல்வார். அதுவரை பையன் என்னிடம் இருக்கலாம் என்று குழந்தைகள் நல அதிகாரி சொல்லியிருக்கிறாள். இது அடிதடி இல்லாத வீடு என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ வந்து ஃபிராங்க்மேல் ஒரு கை வைத்தால் போதும், நன்னடத்தை விடுதலையில் இருக்கிற நீ மறுபடி உள்ளே போவாய். இவன் அந்தக் கொக்கியிடம் திரும்பிப் போவான். என் வேலைதான் போகப் போகிறது, போகட்டும். அதற்குப் பதிலாக இந்த ஒன்றாவது நிற்க வேண்டும்.

இன்று காலை சுவரிலிருக்கும் உன் அணிப் படத்தைப் பார்த்துக்கொண்டே பிரென்ட், "உங்க தம்பி வர்றாராமே. எங்கப்பாவ அடிப்பாரா?" என்று கேட்டான். ஆசையில் கேட்டானா, பயத்தில் கேட்டானா, எனக்குப் புரியவில்லை. "மாட்டான்" என்றேன். அவனுக்கு நான் கொடுத்த முதல் வாக்கு அது.

இத்துடன் ஒரு ஜோடி தோல் கையுறை அனுப்புகிறேன். உள்ளே ஆட்டுரோமம் வைத்தது, உன் கைக்குச் சரியாக இருக்கும். அங்கே நம் ஊரைவிடக் குளிராமே. வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு.

கையுறையைக் கழற்றிவிடாதே தம்பி.

உன்னை நம்பியிருக்கும் அக்கா,
மார்லிஸ்