கிணற்றுக்கு இன்னும் இருபது முழம்

தோஹா, வெள்ளிக்கிழமை.

அன்பு மனைவி தக்பருக்கு ஸலாம். கூடாரத்தில் எல்லோரும் சுகமா? ஆடுகள் சுகமா? நம் மகள் ஸல்காவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். முதுகு மட்டும் பிடித்துக்கொள்கிறது.

இந்த வாரம் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாலையோரப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அலுப்பில், தண்ணீர் இல்லாத நம் கூடாரத்து வாசலில் செய்கிற மாதிரியே, கைகால் கழுவுவதற்குப் பதிலாக மணலில் கையைத் தட்டி முகத்தைத் தடவிவிட்டேன். ரப்பர் குழாய் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

மேஸ்திரி மிஸ்பர் பார்த்துவிட்டார். “ஏம்ப்பா கத்ரி, தண்ணி உன் காலை நனைக்குது, நீ மண்ணைத் தடவுறியே! அப்படித் தொழுதா செல்லாதுய்யா.”

“கை தானாப் போயிருச்சு அண்ணே.”

குழாயிலேயே கைகால் கழுவித் தொழுதேன். நம் ஊரிலும் இதே மணல், இதே வெயில்தான். இங்கே புல்லுக்கு மூன்று வேளை தண்ணீர். அங்கே ஸல்கா விடியும்போதே கழுதையை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போகிறாள். என் கால் கழுவி ஓடிய தண்ணீர் அவளுக்கு ஒரு நடையை மிச்சமாக்கியிருக்கும்.

கிணற்றில் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். நீ ஆடு குட்டி போட்டதையே எழுதுகிறாய். விடுமுறையில் ஊருக்கு வரும் யஹ்தியிடம் இருபது முழம் நைலான் கயிறு கொடுத்திருக்கிறேன். அவன் திரும்பும்போது உலர்ந்த இறைச்சி கொஞ்சம் கொடுத்துவிடு. இங்கே எதுவும் நாக்கில் ஒட்டவில்லை.

வண்டி ஹாரன் அடிக்கிறது. பழைய கயிற்றோடு இந்த நைலான் கயிற்றை முடிந்துகொள். அதுவும் தண்ணீருக்கு எட்டவில்லை என்றால் மறைக்காமல் எழுது.

உன் கத்ரி