கத்பெர்ட்டின் திரும்பும் டிக்கெட்

மே 6

கத்பெர்ட் மறுபடியும் போன் செய்தான். இந்த ஊரை விட்டுப் போய் முப்பத்தொரு வருஷமாக டொரண்டோவில் இருப்பவன், நம் தீவில் வந்து இறங்க என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்கிறான். அவன் மனைவி இறந்து இரண்டு வருஷம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எதற்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 7

விமான நிலையத்தில் குடிவரவு வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஷெர்லனைக் கேட்டேன்.

"பாஸ்போர்ட், திரும்பிப் போற டிக்கெட், தங்குற விலாசம். அவ்வளவுதான் அத்தை. ஆமா, யாரு அது?"

"அறை கேட்டிருக்கார்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 9

அவன் குடிவரவுப் படிவத்தில் என் பங்கை நான் நிரப்பி அவனுக்கு அனுப்ப வேண்டுமாம். விலாசம் சுலபம்: மெதடிஸ்ட் சர்ச்சைத் தாண்டி, பச்சைக் கதவு, யூடோரா வீடு. அடுத்த கட்டம்தான் — வருபவர் உங்களுக்கு என்ன வேண்டும்? அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நண்பனா? உறவா? கடைசியில் 'வாடகைக்கு அறை' என்று எழுதினேன். இரண்டு அறை வாடகைக்கு விடுகிறேன், பொய் இல்லையே. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

மே 12

ஜூன் 3, மாலை நான்கு மணிக்குத் திரும்பும் டிக்கெட் வாங்கிவிட்டானாம். "அது இல்லாம ஏத்த மாட்டாங்களாம்" என்கிறான். சட்டம் கேட்டதால் வாங்கினானா, போக நினைத்து வாங்கினானா? இதை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது?

மே 20

வந்துவிட்டான். தலை முழுக்க வழுக்கை.

ஆனால் அதற்கு முன்னால் என் மானம் போயிற்று. ஷெர்லன் தடுப்புக் கம்பி வரை வெளியே வந்து, டாக்சிக்காரர்கள் எல்லாரும் கேட்க, "அத்தை, எத்தனை நாள் இருப்பார்னு அவருக்கே தெரியலயாம். வெளிய நிக்கிறவங்களைக் கேளுங்கறார். என்ன எழுதட்டும்?" என்றாள்.

"சொல்லு யூடோரா, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றான் ஒருத்தன்.

"பதினாலு" என்றேன். ஏன் சொன்னேன்? வேறு எதுவாவது சொல்லியிருக்கலாமே. டிக்கெட்டில் இருப்பதைத்தானே சொன்னேன்!

மே 27

சீமைப்பலா சுடுகிறேன் என்று கருக்கிவிட்டான். இன்னும் ஏழு நாள்.

ஜூன் 1

சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறான். வாசலில் நின்று பார்த்தேன். "இஸ்திரி போடணுமா?" என்று கேட்டேன். நான் கேட்க வந்தது அது இல்லை. சனியன், வாய் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 2

காலையில் "கிளம்பு" என்றேன். எங்கே என்று கேட்காமல் கிளம்பினான். நகரத்தில் குடிவரவு அலுவலகம், நீண்ட வரிசை. தங்கும் நாளைக் கூட்டித்தர வேண்டும் என்றேன்.

"காரணம்?" என்றார் ஜன்னல்காரர்.

அவன் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன்: "இவன் போகக் கூடாது. அதான் காரணம்."

அவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "பொறந்தது இங்கன்னு போட்டிருக்கேம்மா. இவருக்கு நாள் கணக்கும் கெடையாது, திரும்பற டிக்கெட்டும் தேவையில்லை. ஏர்போர்ட்ல ஊர்க்காரங்க வரிசை இருக்க, வெளியாள் வரிசையில ஏன் நின்னார்?"

திரும்பி அவனைப் பார்த்தேன்.

"வந்த அன்னிக்கே தெரியும்" என்றான். "வாடகைக்கு அறைன்னு நீ எழுதியிருந்த. அப்புறம் நான் எந்த வரிசையில நிக்கிறது?"

பதினான்கு நாள் என்னைச் சித்திரவதை செய்தானே! அழுகையா கோபமா என்று எனக்கே புரியவில்லை. அவனை விட்டுவிட்டு நான் மட்டும் மினிபஸ் ஏறிவிட்டேன்.

ஜூன் 3

நான்கு மணி விமானம் வீட்டுக்கு மேலே போயிற்று. கத்பெர்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மீன் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு நாளைக்கு அவனோடு பேசுவதில்லை என்று இருக்கிறேன். உப்பு போதுமா என்று கேட்டான். போதும் என்றேன். அது பேச்சில் சேராது.