மொட்டை மாடியில் உன் டென்ட்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே கடவுள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கிறார், அங்கே உன்னையும் உன்னிடம் வேலை பழகுகிற ஆறு பிள்ளைகளையும் அதே மாதிரி வைத்திருக்கச் சொல்லிக் காலையில் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். நீ அனுப்பின டென்ட் பத்திரமாக வந்து சேர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அதை அடித்தும் பார்த்துவிட்டோம். யார் யார் இருந்தார்கள் என்று தவறாமல் எழுதச் சொன்னாய், அதையே முதலில் எழுதுகிறேன். நான், உன் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் வாலு, எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரர், அதாவது நம் ரேடியோ மாமா, அவரை யாரும் கூப்பிடவில்லை, அப்புறம் உன் அப்பா. அப்பாவை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டான், ஏனென்றால் அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலியைப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் இருந்தாரா, இருந்தார், அதனால் சேர்த்துவிட்டேன். கீழே இன்னொரு நாற்காலி இருக்கும்போது அவர் ஏன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார் என்று நானும் கேட்கவில்லை.

நீ அந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் நிலம் குத்தகைக்கு எடுத்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டென்ட் போட்டு வாடகைக்கு விடப் போகிறேன், விடுதியிலும் அடுத்தவர் வீட்டிலும் வளர்ந்து பதினெட்டு வயதில் போக இடமில்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு அங்கேயே தொழில் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் இருந்து அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன் அடித்தால் என் கையில் திணித்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறார். டென்ட் அடிக்கவா இவளைக் கடல் தாண்டி அனுப்பினோம் என்று ஆரம்பத்தில் நாளுக்கு நாலு தரம் கேட்டார், அதை உனக்கே சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருஷம் ஊர்க் குழாயெல்லாம் மாட்டிக்கிட்டு நான் சேத்துல நின்னது எதுக்குடி, அவ நாற்காலில உக்காரணும்னுதானே, இப்ப அவளே காசு குடுத்து சேத்தை வாங்கியிருக்காளே என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார். அதில் இருந்தது கோபம் இல்லை என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது, ஆனால் அதை உன்னிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது டென்ட்டுக்கு வருகிறேன். படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கும், பாஷை தெரியாமல் வருகிற விருந்தாளிகளுக்கும் ஆகிற மாதிரி, டென்ட் அடிக்கிற முறையை ஒரு எழுத்துகூட இல்லாமல் படமாகவே போட்ட தாள் இது, உன் பிள்ளைகளில் அந்தப் பேசாத பெண் வரைந்தது, டென்ட்டையே பார்க்காதவர்கள் இதை வைத்துக்கொண்டு எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். டென்ட்டைப் பார்க்காதவர்கள் வேண்டும் என்றால் நம் வீட்டை விட்டால் உனக்கு வேறு யார் கிடைப்பார்கள். எனக்கு அந்தத் தாளை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை, உன் அண்ணன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவள், மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்து நின்ற காலம் எனக்கு மறக்கவில்லை. யாரையும் கேட்காமல் நானே செய்யலாம் என்று ஒரு தாள் சொன்னால் அதில் எவ்வளவு தைரியம் வருகிறது தெரியுமா. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்.

முதல் மூன்று படமும் தண்ணீர் மாதிரி ஓடின. மடக்குக் கம்பியை உதறினால் அதுவே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது, வாலு அதைத் திரும்பத் திரும்ப மடக்கச் சொல்லி உயிரை எடுத்தாள். தரையில் ஆணி இறங்காதே என்று அண்ணன் கவலைப்பட்டான், அண்ணி பூந்தொட்டிகளையும் தண்ணீர் நிரப்பின வாளிகளையும் கொண்டுவந்து நாலு மூலையிலும் வைத்துக் கயிற்றைக் கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்துப் பழகின கை, துணியில் ஒரு சுருக்கம் இல்லை. ரேடியோ மாமா மட்டும் டிவியில் மலை ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறாராம், அந்த உரிமையில் எல்லோரையும் வேலை வாங்கினார், இழும்மா, விடும்மா, இப்படி இல்லம்மா என்று. கம்பி ஒன்று துள்ளி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது, அதை அவர் தேடி எடுக்கிற வரைக்கும் எங்களுக்கு விடுதலை. நாலாவது படத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அதில் வலைத்துணி டென்ட் ஒன்றும், பக்கத்தில் நீலத்துணி ஒன்றும், ஒரு அம்புக்குறியும் இருக்கின்றன. நீலத்துணி பெரிதாக, வழவழப்பாக இருந்ததா, அது கீழே விரிக்கிற பாய்தான் என்று ரேடியோ மாமா சொன்னார், நாங்களும் ஆமாம் போட்டோம். அதை விரித்து அதன்மேல் டென்ட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரேடியோ மாமா உள்ளே போய் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, என்ன காற்று, என்ன வெளிச்சம், படுத்தால் வானமே தெரிகிறது, மகள் புத்திசாலி என்று பாராட்டினார்.

அப்போது அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்து, மூலையில் இருந்த வாளியில் இருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு டென்ட் உச்சியில் நிதானமாக ஊற்றினார். உள்ளே இருந்து ரேடியோ மாமா, யோவ், உனக்கென்ன பைத்தியமா என்று அலறிக்கொண்டு நாலு காலில் வெளியே வந்தார், தலையில் இருந்து சொட்டுகிறது. அப்பா அவரைப் பார்த்து, மழை மேலேர்ந்துதான்யா வரும், கீழேர்ந்து வராது, அந்த நீலத்துணி பாய் இல்ல, கூரை என்றார். வாலு சிரித்து விழுந்தாள், அண்ணி சிரிப்பை அடக்க மாடிப்படிக்கே போய்விட்டாள். எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை, ஏனென்றால் நீ செய்கிற காரியத்தைப் பற்றி அவர் குத்தலாக இல்லாமல் பேசின முதல் பேச்சு அதுதான். அப்புறம் தாளைக் கொண்டா என்றார். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நான் கணக்கு எழுதுகிற பென்சிலை என் கையில் இருந்து எடுத்து, நாலாவது படத்தில் நீலத்துணிக்கு மேலே சின்னச் சின்னதாக மழைத்துளி வரைந்தார். இதைப் போட்டிருந்தா எந்த மடையனுக்கும் புரிஞ்சிருக்கும் என்றார், ரேடியோ மாமா அதைக் கேட்காத மாதிரி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். யார் வரைஞ்சது என்று கேட்டார். சின்ன வயதில் இருந்து வீடு மாற்றி வீடு மாற்றி வளர்ந்த பெண்ணாம், யாரோடும் பேச மாட்டாளாம், உங்கள் மகள்தான் பென்சிலைக் கொடுத்து உட்கார வைத்தாளாம் என்று நான் சொன்னேன். தாளில் ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கோடு நடுங்கலையே என்றார். அவர் வாயில் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உனக்குத் தெரியும், நம் வீட்டில் யாருக்கும் அது கிடைத்ததில்லை.

அந்தத் தாளை அவர் வரைந்த மழையோடு இதில் வைத்து அனுப்புகிறேன். அந்தப் பெண்ணிடம் தப்பு என்று காட்டாதே, மூன்று படம் நாங்கள் யாரையும் கேட்காமல் செய்தோம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் நாலாவதைக் காட்டு. கோபித்துக்கொண்டு போய் மறுநாள் திரும்பி வந்தானே ஒரு பையன், அவனையும் இனி அப்படிச் செய்தால் எங்கே போனாய் என்று வாசலிலேயே கேட்காதே, சாப்பிட வைத்துவிட்டுக் கேள், சாப்பிட்ட பிறகு அவனே சொல்வான். வாடகைக் கணக்கையும் பிள்ளைகள் செலவையும் தனித்தனி நோட்டில் எழுது, ஒன்றில் கை வைத்தால் இன்னொன்று எவ்வளவு வாடுகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆறு பேருக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன், பேர் தெரியாததால் படம் போடுகிற பெண், ஓடிப்போய் வந்த பையன், தூங்குமூஞ்சி என்று நீ சொன்ன அடையாளத்தை வைத்தே கேட்கிறேன், கடவுளுக்கு விலாசம் தெரியும். டென்ட் சாமானை எண்ணி வைத்துவிட்டேன், ஒரு ஆணி குறைந்தது, வாலுவின் பள்ளிக்கூடப் பையில் கிடைத்தது.

மிச்சத்தையும் கேள். டென்ட்டைச் சரியாக அடித்த பிறகு எல்லோரும் சாப்பிடக் கீழே வந்துவிட்டோம், அப்பாவைக் காணோம். வாலு மேலே போய்ப் பார்த்துவிட்டு, தாத்தாவோட கால் மட்டும் டென்ட்டுக்கு வெளியே இருக்கு பாட்டி என்று கத்திக்கொண்டு வந்தாள். உள்ளே படுத்து நல்ல தூக்கம், சாயங்காலம் டீ கொண்டுபோய்தான் எழுப்பினேன். மறுநாள் காலையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து, அந்த நிலம் ஏரியைப் பார்த்துச் சரியுதா, ஏரியை விட்டுச் சரியுதா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்றேன். கழிப்பறை எந்தப் பக்கம் கட்டுறா, அழுக்குத் தண்ணி எங்க போகுது, குளிர்ல குழாய் உறைஞ்சா என்ன பண்ணுவா, ஒண்ணும் யோசிக்காம இறங்கியிருப்பா என்றார். நீங்களே கேளுங்களேன் என்று போனை நீட்டினேன். நீ எழுது, நான் கேட்டேன்னு எழுதாத என்றார். எழுதாதே என்று சொன்னதையும் சேர்த்து எழுதிவிட்டேன், கடவுள் மன்னிப்பார். நேற்று பரண் மேல் இருந்த ஸ்பானர் பெட்டியை இறக்கித் தரச் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

நீ செய்கிற காரியம் கைகூடட்டும், வருகிறவர்கள் மனது குளிர்ந்து போகட்டும், உன்னை நம்பி இருக்கிற ஆறு பிள்ளைகளும் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலை எனக்குப் போடாதே, உறை மேல் அப்பா பேரைப் போடு, தபால்காரர் அவர் கையிலேயே கொடுக்கட்டும், நான் பிரிக்க மாட்டேன். சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்ததை விவரமாக எழுது, படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. எல்லாமே எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதே, ஒன்றிரண்டு தெரியவில்லை என்று எழுது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவர் இப்போதே வாசலில் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார். சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா